விளக்கில்லாச் சந்தி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஆகிய ஊர்களை ஒரே நூலில் கோத்துச் செல்கின்றது. கிழக்கே கடல்; மேற்கே வயல். இருபுறத்து ஒழுங்கைகளும் இச்சாலையை வந்தடையும் இடங்களுட் பெரும்பாலானவற்றில் சமிக்ஞை விளக்கு இல்லை. மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளும், தறிக்கு நூல் ஏற்றியதும், பிரத்தியேக வகுப்புக்கு விரையும் மாணவனுடையதும் அங்கே ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. விளக்கும் பொலிஸ்காரரும் இல்லாதவிடத்து நான் ஏன் நிற்கவேண்டும்? இது சிறிய கேள்விபோற் தோன்றினும், அறவியலின் அடிப்படைக் கேள்வியே இது.

அவசரத்துக்கும் நியாயம் உண்டு. வெயில் ஏற ஏற மீன் விலை இறங்கும். தாமதித்தால் நாட்கூலி குறையும். ஆனால், ஒவ்வொருவனும் தன் அவசரத்தையே சட்டமாக்கும்போது சந்தியில் ஆள்வது நியாயமன்று, துணிவே. துணிந்தவன் முந்துகிறான், அவனைக் கண்டு அடுத்தவனும் முந்துகிறான். வீதியோரத்தில் நிற்கும் மூதாட்டிக்கும் பள்ளிச் சிறுமிக்கும் முறை வருவதேயில்லை. வலியவனுக்கே வழி என்ற சந்தை நியதியின் சிறுவடிவம் அல்லவா இது?

வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் மாள்கின்றனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் மோட்டார் சைக்கிளோட்டிகளுமே. இரும்புக் கூடு இல்லாதவர்களே அதிகம் சாகின்றனர். சந்தியில் முந்துகின்ற இளைஞனும் அந்தப் பலவீனர் கூட்டத்தைச் சேர்ந்தவனே. தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டுச் செல்பவன் இதை மறந்துவிடுகிறான்.

எனினும், பழியை அவன் தலையில் மட்டும் சுமத்திவிட்டு ஓய்ந்திருப்பது நேர்மையாகாது. மனிதன் தவறுவான், அத்தவறுக்கு மரணம் தண்டனையாகாதபடி வீதியை அமைப்பது சமூகத்தின் பொறுப்பு என்னும் கொள்கையை 1997இல் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் ஏற்றது. ஒழுங்கை முகப்பில் பார்வையை மறைக்கும் விளம்பரப் பலகையை அகற்றுவதற்கும், வேகத்தடையும் நிறுத்தக்கோடும் இடுவதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. மாநகர சபையிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் இவற்றை உரிமையாகக் கேட்கவேண்டும்.

கேட்பதற்குரிய தகுதியை நடத்தையே தரும். பாதையிற் கிடக்கும் இடரை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகப் போற்றும் மக்கள், தாமே பாதையின் இடராக மாறலாமா? பிறன் உயிரை மதித்து ஒரு கணம் நிற்பவன் பிறரையும் நிற்கப் பழக்குகிறான். அப்பழக்கம் பரவினாற்றான் வீதி எல்லோருக்கும் பொதுவாகும். ஆசிரியர்களும் மாணவர்களும் அதனை இன்றே தொடங்கலாம். எந்த விளக்கும் எரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.