மனசாட்சி எதைப் பணயம் வைக்கலாம்?

நாட்டின் சட்டமும் தன் சமய நம்பிக்கையும் மோதும்போது, ஆட்சியில் இருப்பவர் எதன் பக்கம் நிற்க வேண்டும்? நார்வேயின் ஷெல் மாங்னே போன்டெவிக்குக்கு இது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. 1979இல் லுத்தரன் திருச்சபையில் போதகராக அபிஷேகம் பெற்றவர், கிறிஸ்தவ மக்கள் கட்சியின் தலைவராகவும் இருமுறை பிரதமராகவும் இருந்தவர். கருக்கலைப்பை எதிர்ப்பது அவர் கட்சியின் உயிர்க்கொள்கை. முதல் 12 வாரங்களுக்குள் முடிவைப் பெண்ணிடமே விட்ட 1978ஆம் ஆண்டுச் சட்டம் மாறாதவரை ஆட்சியில் சேர்வதில்லை என்று 1981இல் அக்கட்சி ஒதுங்கி நின்றது. 1983இல் சட்டம் அப்படியே இருக்க, கூட்டணியில் சேர்ந்தது. போன்டெவிக் திருச்சபை, கல்வித் துறைகளின் அமைச்சரானார். பின்னர் பிரதமரான காலத்திலும் அச்சட்டம் அசையவில்லை. ஆனால் 2000 மார்ச்சில், எரிவாயு மின்நிலையங்களுக்காக மாசுக் கட்டுப்பாட்டு விதிகளைத் தளர்த்தச் சொன்ன நாடாளுமன்றப் பெரும்பான்மைக்கு இணங்க மறுத்து, ஆட்சியையே பணயம் வைத்துத் தோற்றார், பதவி விலகினார்.

உயிர் பற்றிய கேள்வியில் வளைந்தவர் புகை பற்றிய கேள்வியில் நிமிர்ந்தாரே, இது என்ன மனசாட்சி என்று கேட்கலாம். நான் இதில் முரண்பாட்டைக் காணவில்லை. முதல் விஷயத்தில் அவருடைய நம்பிக்கை நிறைவேற வேண்டுமானால், அந்த நம்பிக்கை இல்லாத பெண்கள் மீது அரசின் கை விழ வேண்டும். இரண்டாவதில், தவறென்று தான் கருதியதைத் தன் அரசே தன் கையால் செய்ய வேண்டியிருந்தது. மனசாட்சி முதலில் கேட்பது ‘நான் எதைச் செய்ய மாட்டேன்’ என்பதை. அதற்கு அது பணயம் வைக்கக்கூடியது தன் நாற்காலியை மட்டுமே. அடுத்தவர் வாழ்க்கையை அல்ல.

இந்த எல்லைக்கு நார்வேயின் வரலாற்றிலேயே மகத்தான சான்று இருக்கிறது. உலக ஆட்சி வேறு, ஆன்மிக ஆட்சி வேறு என்ற லுத்தரின் போதனையைக் காட்டி ஹிட்லரின் ஜெர்மனியில் பலர் மௌனம் காத்தனர். நார்வே ஆயர்களோ அதே போதனையிலிருந்து எதிர்த்திசையில் நடந்தார்கள். நாஜி ஆக்கிரமிப்பின் கீழ், 1942 பிப்ரவரியில், ஐவிண்ட் பேர்க்ராவ் தலைமையில் எல்லா ஆயர்களும் அரசுப் பதவியைத் துறந்தனர். ஆன்மிகப் பணியைத் துறக்கவில்லை. 1975இல் கருக்கலைப்புச் சட்டம் தளர்த்தப்பட்டபோது ஆயர் பேர் லோன்னிங் செய்ததும் அதுவே: யாரையும் தடுக்கவில்லை, தன் பதவியை விட்டார்.

தன்னைக் கவிழ்த்தவர்களில் ஒரு தரப்பான பழமைவாதக் கட்சியுடனேயே சேர்ந்து 2001இல் போன்டெவிக் மீண்டும் பிரதமரானாரே என்பது அடுத்த மறுப்பு. விலகியபோது திரும்பும் வழி அவருக்கு உறுதியாக இருக்கவில்லை. பின்னால் கிடைத்ததை வைத்து முன்னால் இழந்ததை மலிவாக்க முடியாது. அந்தக் கூட்டணியில் இருந்தபடியே 2003இல், நேட்டோ கூட்டாளியான அமெரிக்காவின் ஈராக் படையெடுப்பை, ஐ.நா. ஒப்புதல் இல்லை என்பதால் ஆதரிக்க மறுத்தார். படையெடுப்பு நின்றுவிடவில்லை. எரிவாயு மின்நிலையமும் நிற்கவில்லை. கோர்ஸ்டோவில் ஒன்று 2007இல் இயங்கத் தொடங்கியது. மறுப்பின் மதிப்பை விளைவால் மட்டும் அளந்தால் 1942இன் ஆயர்களும் தோற்றவர்களே. அந்த அளவுகோலை நான் ஏற்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே கடினமாக இருப்பது லோன்னிங்கிடமிருந்து எழும் கேள்விதான். பிறர்மேல் கைவைக்காமல், தன் பதவியை மட்டும் விடும் வழி போன்டெவிக்குக்கும் திறந்தே இருந்தது. கருக்கலைப்பு நடக்கும் பொது மருத்துவமனைகள் அவர் தலைமை வகித்த அரசின் நிதியில்தான் இயங்கின. அச்சட்டத்தை அவர் இயற்றவில்லை, முடிவு ஒவ்வொரு பெண்ணிடமும் இருந்தது, 1997இல் அவர் அமைத்த கூட்டணிக்கு 165 இடங்களில் 42 மட்டுமே இருந்தன என்றெல்லாம் பதில் சொல்லலாம். குடிமக்களை நோக்கிச் சொல்லும்போது அந்தப் பதில் போதுமானது என்றே நினைக்கிறேன். கருவை முழு உயிராகவே எண்ணும் ஒரு போதகர் தன் கடவுளிடம் சொல்லும்போது அது போதுமா என்பதை, வெளியிலிருந்து வாதிடும் எவராலும் தீர்க்க இயலாது.