மூன்று எண்களும் ஒரு முழுமையும்

கைப்பேசிக்குள் உள்ள முடுக்கமானி, அதாவது முடுக்கத்தை அளக்கும் உணரி, தன் அளவை ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகளின் வழியே மூன்று தனி எண்களாகவே தருகிறது. செயலி எழுதுபவர் அவற்றை எடுத்து, எண்ணளவும் திசையும் ஒருங்கே கொண்ட வெக்டர் என்னும் ஒரே வகைக்குள் வைக்கும்போது, இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு ஒன்றுக்குள் நுழைந்துவிடுகிறார். உறுப்புகள் கூடும்போது முழுமை என்று புதிதாக ஒன்று உண்டாகிறதா, அல்லது முழுமை என்பது அக்கூட்டத்துக்கு இட்ட பெயர்தானா என்பதே அவ்வழக்கு.

கணாதர் வழிவந்த வைசேடிகர், உறுப்புகளாகிய அவயவங்களிலிருந்து வேறான அவயவி என்னும் முழுமை உண்மையிலேயே உண்டு என்றும், அது உறுப்புகளில் சமவாயம் எனப்படும் பிரிக்கவியலாத உறவால் தங்கியிருக்கிறது என்றும் நிறுவினர். பௌத்தரோ, தேரைப் பிரித்தால் அச்சும் சக்கரமும் நுகமும் மிஞ்சுமேயன்றித் தேர் மிஞ்சாது என்றனர். திண்டுக்கல்லில் இவ்வழக்கைத் தேரைவிடப் பூட்டை வைத்துப் பேசுவது பொருந்தும். 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர்ப் பூட்டின் லீவர்களும் வில்லும் வளையமும் பட்டறை மேசையில் தனித்தனியே கிடக்கையில் எதுவும் எதையும் பூட்டுவதில்லை. பூட்டும் தொழில் கூட்டத்துக்கே உரியது. ஆயினும் அத்தொழிலும் மரபு பற்றி இட்ட பெயரே என்று பௌத்தர் மறுப்பர், அம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது.

உணரியின் சான்று இதைவிட வலியது. மேசைமேல் திரை மேல்நோக்க அசையாமல் கிடக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசி 0, 0, 9.81 என்று காட்டும். அதையே திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையில் 30 டிகிரி சாய்ந்த ஓரிடத்தில், தலைப்பக்கம் ஏற்றத்தை நோக்க வைத்தால், எண்கள் 0, 4.90, 8.50 என்று மாறிவிடும். மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் மறுபடியும் 9.81. தேரில் உறுப்புகள் கண்கூடாக இருக்க முழுமை ஐயத்துக்கு உரியதாயிற்று. இங்கே வழக்குத் தலைகீழாகிறது. அச்சுகளைக் கைப்பேசியின் விளிம்புகளையொட்டி வரைந்தவர் மனிதர். ஆகவே உறுப்புகளாகிய மூன்று எண்களே மனிதர் வகுத்த மரபு, எந்த அச்சையும் சாராமல் நிற்பது முழுமைதான்.

எனினும் வெக்டர் என்று பெயரிட்ட மாத்திரத்தில் அவயவி பிறப்பதில்லை. மேசைமேல் திரை மேல்நோக்கக் கிடக்கும் ஐபோன் 0, 0, −1 என்று, புவியீர்ப்பு முடுக்கத்தை அலகாகவும் திசையை எதிர்க்குறியாகவும் கொண்டு சொல்லும். அலகையும் அச்சையும் உடன்கொள்ளாத மூன்று எண்கள் பட்டறை மேசையில் கிடக்கும் உதிரிகளே. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிற அளவுகளையும் அதே வகைக்குள் அடைக்கக் கணினிமொழி இடம் கொடுக்கிறது என்பதும் கருதத்தக்கது. செயலி எழுதுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அவரது செய்கையே காட்டுகிறது: அசையாத கைப்பேசியை நிலை மாற்றி மாற்றி வைக்கும்போது கூட்டிய அளவு 9.81இலிருந்து விலகினால், அவர் முழுமையை ஐயுறாமல், மூன்று எண்களையும் ஐயுற்று உணரியைத் திருத்துகிறார்.