கண்ணும் கண்மாயும்

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் கிருஷ்ணன்கோவில் என்று ஓர் ஊர். அங்கே மெயின் ரோட்டை விட்டு மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற, மழைக்கு ஏங்குகிற விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோகும். எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. மலைக்கும் ரோட்டுக்கும் நடுவே நெல் வயல், தென்னந்தோப்பு, கண்மாய். கை தானாகவே செல்போனைத் தேடும்.

2025 ஜூன் மாதம் இதே பகுதியில் இருக்கிற கூமாபட்டி சில நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பிரபலமானது உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளூர் இளைஞர் ஒருவர் 'ஏங்க...' என்று ஆரம்பித்து, மனசு சரியில்லையென்றால் எங்க ஊருக்கு வாங்க என்கிற தினுசில் இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டார். ஜனங்கள் நிஜமாகவே கிளம்பி வந்துவிட்டார்கள். பிளவக்கல் அணையில் இறங்கவோ குளிக்கவோ அனுமதி கிடையாது என்று அதிகாரிகள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே அணைப் பூங்காவை மேம்படுத்த 10 கோடி ரூபாய் ஒதுக்கியது அரசு.

சிரித்துவிட்டு மறந்துபோகிற சமாச்சாரம்தான். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஓர் ஊரின் அழகு யாருக்குச் சொந்தம்? பார்க்கிறவருக்கா, அங்கே இருக்கிறவருக்கா?

'இதென்ன சார் கேள்வி, அழகு எல்லோருக்கும் பொது' என்பீர்கள். மலையைப் பொறுத்தவரை சரி. ஆனால் வயலும் கண்மாயும் மலையைப் போல தானாக வந்தவை அல்லவே!

மலையில் பெய்கிற மழையை நிறுத்தி வைக்க 1970-களில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு சின்ன அணைகள் கட்டினார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் பிளவக்கல். (முல்லைப் பெரியாறோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவை ஐம்பது அடிகூட உயரம் இல்லாதவை.) அணைத் தண்ணீர் கண்மாய்க்குப் போகிறது. ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய். கண்மாயிலிருந்து மடை, மடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். அணை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே தென் மாவட்டங்களில் இருக்கிற ஏற்பாடு இது. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பார்கள். மடையைத் திறந்து மூடி, எல்லா வயலுக்கும் சமமாகப் பாய்ச்ச நீர்பாய்ச்சி என்று ஓர் ஆள் உண்டு. அறுவடையின்போது களத்திலேயே அவருக்கு நெல் அளந்து கொடுப்பது வழக்கம்.

ஆக, நீங்கள் போட்டோ எடுக்கிற அந்தப் பச்சைக்குப் பின்னால் ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு வாய்க்காலை வெட்டிவிடப் போன ஒரு மனிதர் இருக்கிறார்.

போட்டோவில் அவர் விழமாட்டார். நிலம் யார் பேரில் இருக்கிறது, நாற்று நடுகிற பெண் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதெல்லாமும் விழாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், இந்தியக் கிராமத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறவர்களைக் கடுமையாகச் சாடினார். காந்தியோ கடைசிவரை கிராமத்தில்தான் இந்தியாவின் விடிவு என்று நம்பினார். இருவரும் பார்த்தது ஒரே கிராமத்தைத்தான். பார்ப்பதற்கு நின்ற இடம் வேறு.

காட்டுக்கும் இதே கதைதான். வத்திராயிருப்புக்கு மேலே இருக்கிற காட்டில் 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் வந்தது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. பேப்பரில் படித்துவிட்டு நாம் சந்தோஷப்பட்டோம். நியாயமான சந்தோஷம்தான், காடு இல்லாவிட்டால் கண்மாய்க்குத் தண்ணீர் ஏது? ஆனால் ராத்திரி யானை இறங்கி வந்து தென்னங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டால், மறுநாள் காலையில் தோப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பது நானோ நீங்களோ இல்லை. இழப்பீடு உண்டு. அதற்கான அலைச்சலும் உண்டு.

கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். வரவு ஒருவர் பேரில், பற்று இன்னொருவர் பேரில்.

பார்க்கிறவரின் ஆசை முற்றினால் எதுவரை போகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கிராமம் சாட்சியாக இருக்கிறது. டார்செட் பகுதியில் இருக்கும் அதன் பெயர் மில்டன் ஆபஸ். 18-ம் நூற்றாண்டில் மில்டன் பிரபு என்ற பணக்காரர் அங்கே மாளிகை வைத்திருந்தார். மாளிகைக்குப் பக்கத்திலேயே மிடில்டன் என்று ஒரு சந்தை ஊர். கடைகள், பள்ளிக்கூடம், ஜன நடமாட்டம். பிரபுவுக்கு ஜன்னல் வழியாகப் பசும்புல்லும் ஏரியும் மட்டும் தெரிய வேண்டும், மனிதர்கள் தெரியக் கூடாது. என்ன செய்தார்? ஊரையே இடித்துவிட்டார்! கொஞ்சம் தள்ளி, மாளிகையிலிருந்து கண்ணில் படாத ஒரு பள்ளத்தாக்கில், 1780 வாக்கில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி கூரை வீடுகள் கட்டி ஜனங்களை அங்கே அனுப்பினார். ஒரு வக்கீல் மட்டும் நகர மறுத்ததாகவும், பிரபு தண்ணீரைத் திறந்துவிட்டு அவர் வீட்டை மூழ்கடிக்கப் பார்த்ததாகவும், வக்கீல் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்ததாகவும் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், துரத்தப்பட்டவர்களுக்காகக் கட்டிய அந்தக் கூரை வீடுகளைத்தான் இன்று டூரிஸ்ட்டுகள் 'ஆஹா, அசல் இங்கிலாந்து கிராமம்' என்று படம் எடுக்கிறார்கள்.

நாம் யாரும் மில்டன் பிரபு இல்லை. ஊரை இடிக்கிற வசதி நமக்குக் கிடையாது. ஆனால் 'கிராமத்துக்குப் போனேன், ஒரே கான்கிரீட் வீடா ஆயிடுச்சு, அந்த ஓட்டு வீடெல்லாம் போச்சு' என்று அலுத்துக்கொள்கிறோமே, அதில் பிரபுவின் குரல் லேசாகக் கேட்கவில்லையா? நாம் பத்து வருஷத்தில் மூன்று வீடு, நான்கு வண்டி, ஐந்து செல்போன் மாற்றுவோம். கிராமத்துக்காரர் மட்டும் நம் ஜன்னல் காட்சி கெடாமல் ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

'அப்படியானால் எந்த மாற்றத்தையும் தட்டிக் கேட்கக் கூடாதா? கண்மாயில் பிளாட் போட்டாலும் சும்மா இருக்கணுமா?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இங்கேதான் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் போடுவது, மாட்டு வண்டியை விட்டு டிராக்டர் வாங்குவது, மகளை வயலுக்கு அனுப்பாமல் கோயம்புத்தூருக்குப் படிக்க அனுப்புவது - இதெல்லாம் நம் கண்ணுக்கு உறுத்தலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அதைப் பற்றி வாய் திறக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் கலுங்கை அடைத்தால் அடுத்த கண்மாய் காய்கிறது. ஓடையை ஆக்கிரமித்தால் மழைக் காலத்தில் வேறு யாரோ ஒருவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுகிறது. அது உள்ளூர்க்காரரே செய்தாலும் தப்பு, பட்டா வைத்திருந்தாலும் தப்பு. கண்ணை உறுத்துவது வேறு, கண்மாயை அடைப்பது வேறு. முன்னது ரசனை, பின்னது நியாயம். நாம் பெரும்பாலும் முன்னதற்குக் கோபப்பட்டுவிட்டு, பின்னதற்குப் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

இன்னொன்று. கூமாபட்டிக்குக் கூப்பிட்டது வெளியூர்க்காரர் இல்லை, அந்த ஊர்ப் பையன்தான். தன் ஊரை நாலு பேர் பார்க்க வேண்டும் என்கிற ஆசையில் ஒரு குற்றமும் கிடையாது. பார்க்கப் போவதிலும் குற்றமில்லை. டீக்கடைக்கு வியாபாரம் ஆனால் நல்லதுதானே? விருந்தாளியாகப் போனால் விருந்தாளியாக நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். தண்ணீரில் இறங்காதே என்றால் இறங்கக் கூடாது. 2015 மே மாதம் பக்கத்துச் சதுரகிரி மலையில் திடீர் காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் சிலரை அடித்துக்கொண்டு போன பகுதி அது. அங்கே போடுகிற தடை, நம் சந்தோஷத்தைக் கெடுப்பதற்காகப் போடுகிற தடை இல்லை.

வத்திராயிருப்புக்குப் போனால் தாராளமாகப் போட்டோ எடுங்கள். எடுத்து முடித்ததும் வரப்பில் நிற்கிறவரிடம், 'அண்ணே, இந்த வருஷம் தண்ணி கடைமடை வரைக்கும் வந்துச்சா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லப்போகிற பதில் உங்கள் போட்டோவில் இருக்காது. அதைக் கேட்டுக்கொண்டு ஊர் திரும்புங்கள்.