தூக்கியது எந்தக் கால்?

திண்டுக்கல்லில் இத்தாலிய மொழி பேசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஊர்க்காரர்களே நம்ப மாட்டார்கள். கன்னியர் மடங்களிலும் குருக்கள் இல்லங்களிலும் விசாரித்தால் தெரியும். ரோமில் கிரிகோரியன், உர்பானியானா போன்ற பல்கலைக்கழகங்களுக்கு இறையியல் படிக்கப் போகிறவர்களுக்குப் பாடம் பெரும்பாலும் இத்தாலியத்தில்தான் நடக்கும். படித்துவிட்டு ஊர் திரும்பியதும் பள்ளிக்கூடக் கணக்கு, விடுதி அரிசி என்று வேலை வந்து சேரும். அந்த மொழி பீரோவில் மடித்து வைத்த பட்டுச்சேலை மாதிரி உள்ளேயே கிடக்கும்.

எனக்குச் சொல்லித் தருகிறவர் அப்படி ஒரு சிஸ்டர். நான் டேனரியில் கணக்கு எழுதுகிறவன். ஐம்பதைத் தாண்டி இத்தாலியம் படிக்கிறேன் என்றால் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "எதுக்கு சார்?" தோல் பதனிடும் தொழிலில் இத்தாலிய இயந்திரங்களுக்கு உலகம் முழுக்கப் பேர் உண்டு. "மெஷின் புத்தகம் படிக்கத்தான்" என்று ஒரு போடு போட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் புத்தகத்தோடு இங்கிலீஷிலும் ஒன்று சேர்ந்தே வரும் என்பதை நான் சொல்வதில்லை. சம்பளத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால் நம் ஊரில் எந்தக் கிறுக்குத்தனத்துக்கும் மரியாதை கிடைத்துவிடும்.

உண்மையான காரணம் சிஸ்டர் வைத்திருந்த பழைய படங்கள். பள்ளி விழாவுக்கு நன்கொடை ரசீது வாங்கப் போன இடத்தில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பார்த்தேன். பாதுவா நகரத்தில் ஸ்க்ரொவென்யி சிற்றாலயம் என்று ஒன்று இருக்கிறது. அதன் சுவர்களில் ஜொத்தோ என்ற ஓவியர் 1305 வாக்கில் வரைந்து முடித்த படங்கள் அவை. கட்டியவர் வட்டிக்கு விட்டுச் சேர்த்த குடும்பத்துப் பிள்ளை. அப்பன் சேர்த்த வட்டிப் பாவத்தைக் கழுவத்தான் கட்டினார் என்று ஒரு பேச்சு உண்டு. இன்றைக்குப் பார்க்கப் போகிறவர்களை முதலில் ஒரு கண்ணாடி அறையில் 15 நிமிடம் உட்கார வைத்து, உடம்பு ஈரமும் தூசியும் அடங்கிய பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். உள்ளேயும் சுமார் 15 நிமிடம்தான். அதற்குள் எதைப் பார்ப்பது?

ரோமுக்குப் போன புதிதில் வகுப்பில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லையாம் சிஸ்டருக்கு. மாலை நேரத்தில் கோயில் கோயிலாகச் சுற்றியபோதுதான் மொழி பிடிபட்டது என்றார். வழிகாட்டி கையை நீட்டுவார், பேர் சொல்வார். கண் அங்கே போகும், காது இங்கே இருக்கும். அகராதியின் உதவி இல்லாமலே சொல் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்டுக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. பெரூஜாவில் அந்நியருக்கான பல்கலைக்கழகம் ஒன்று, 1921இல் தொடங்கிய பண்பாட்டு வகுப்புகளிலிருந்து வளர்ந்தது. மொழியோடு கலை வரலாறும் அங்கே பாடம். அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே நிற்பது இரண்டாயிரம் ஆண்டைத் தாண்டிய எத்ருஸ்கர் காலத்து வளைவு வாசல். பாடப்புத்தகத்தின் அடுத்த பக்கம் தெருவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நமக்கு அந்த வசதி இல்லை. படங்களை வைத்துத்தான் தொடங்கினோம். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டும் ஓவியத்தில் ஒரு கட்டாயம் உண்டு: பூச்சு காய்வதற்குள் நிறம் ஏறிவிட வேண்டும், அப்போதுதான் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். அதனால் அன்றைக்கு எவ்வளவு தீட்ட முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் காலையில் பூசிக்கொள்வார்கள். அந்த ஒரு நாள் துண்டுக்கு 'ஜோர்னாத்தா' என்று பேர். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் நேற்றைய துண்டும் இன்றைய துண்டும் சேர்ந்த தையல் இன்றும் தெரியும். காய்ந்த பிறகு மேலே தடவிய நீலம்தான் பல இடங்களில் உதிர்ந்துபோயிருக்கிறது.

லாசருவை உயிர்ப்பிக்கும் படத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, அதைப் பற்றி நான் இத்தாலியத்தில் எழுதியதைத் தமிழில் மனைவிக்குச் சொல்லிப் பார்த்தேன். செத்து நாலு நாள் ஆனவர், துணி சுற்றியபடி நிற்கிறார். அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். "பக்கத்துல நிக்கிறவங்க ஏன் முந்தானையால மூக்கப் பொத்திட்டு இருக்காங்க?" என்றாள். நான் எழுதிய பத்துப் பதினைந்து வரியில் மூக்கு வரவே இல்லை. "நாலு நாள்னா நாறாதா? நீங்க டேனரிக்காரர், உங்களுக்கு எங்க தெரியப் போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகுதான் சிஸ்டர் என்னைத் தாடிக்கொம்புக்கு அனுப்பினார். ஊரிலிருந்து கரூர் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர், குடகனாற்றை ஒட்டி சௌந்தரராஜப் பெருமாள் கோயில். தேய்பிறை அஷ்டமியன்று சொர்ண ஆகர்ஷண பைரவருக்குக் கூட்டம் நெரியும். தாயார் சன்னதி முன் மண்டபத்தில் ஆளுயரத்துக்கும் மேலே தூணோடு தூணாக நிற்கும் சிலைகளை அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உலகளந்த பெருமாள், இரணியனோடு மோதும் நரசிம்மர், ஊர்த்துவ தாண்டவர், எதிரே காளி, ரதி, மன்மதன், கார்த்தவீரியார்ச்சுனன். விஜயநகர, நாயக்கர் காலத்துக் கல்தச்சர்கள் எலும்பும் நரம்பும் நகக்கண்ணும் தெரியச் செதுக்கியவை.

"படம் எடுக்காதீங்க சார். பாத்துட்டு வந்து இத்தாலியன்ல சொல்லுங்க. படத்தக் காட்டிட்டா அப்புறம் நீங்க எதுக்குப் பேசணும்?" என்றார் சிஸ்டர். அவர் அந்த மண்டபத்தைப் பார்த்ததில்லை. கொடிமரத்தைத் தாண்டி வேற்று மதத்தார் போகிற வழக்கமில்லை, அவரும் கேட்கப் பிரியப்படவில்லை.

போனேன், எழுதி வந்தேன், வாசித்தேன். "பெருமாள் ஒரு காலைத் தூக்கியிருக்கிறார்." சிஸ்டர் கேட்டார்: எந்தக் கால்? சொன்னேன். உங்களுக்கு அந்தப் பக்கமா, அவருக்கு அந்தப் பக்கமா? முழங்கால் மடிந்திருக்கிறதா, நீண்டிருக்கிறதா? பாதம் எதைப் பார்க்கிறது? அரைக்கால் சட்டை வயதிலிருந்து புரட்டாசிச் சனிக்கிழமை தவறாமல் போய் வந்த கோயில் அது. அடுத்த வாரம் மறுபடியும் பஸ் ஏறினேன்.

இந்த வகுப்பு ஏன் வேலை செய்தது என்று பிறகு யோசித்ததுண்டு. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கிற வாத்தியாருக்கு விடை தெரியும். நமக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் கேட்பார். இங்கே கேட்கிறவருக்கு உண்மையிலேயே தெரியாது. என் ஓட்டை இத்தாலியம் வழியாகத்தான் அந்தக் கல் அவருக்குக் கிடைக்க வேண்டும். ஒரு வினைச்சொல் பிசகினால் பெருமாளின் கால் வேறு திசையில் போய்விடும். தெரிந்துகொள்வதற்காகவே ஒருவர் நம்மைக் கேட்பது எவ்வளவு அபூர்வம்! வீட்டில், ஆபீஸில், கல்யாணப் பந்தியில் கேட்கப்படும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள்.

கார்த்தவீரியார்ச்சுனனிடம் வந்தபோது இலக்கணம் விளையாடியது. இத்தாலியத்தில் தோளிலிருந்து நீளும் கை ஒன்று என்றால் ஆண்பால். ஒன்றுக்கு மேல் போனால் கைகள் பெண்பால். இரண்டு கை மனிதர்களுக்கே பழகிய வழக்கு, ஆயிரம் கைக்காரனைப் பார்த்தால் என்ன ஆகும்? அத்தனையும் பெண்பாலில் எழுதிக்கொண்டு போனேன். சிஸ்டர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. கோயிலில் நோட்டும் பேனாவுமாக நின்றவனைப் பார்த்து பட்டர் ஒருநாள் விசாரித்தார். "ஒரு கிறிஸ்டியன் சிஸ்டர் கேக்குறாங்க சாமி, அவங்களுக்குச் சொல்லணும்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை; அந்தப் பக்கத்து லைட்டைப் போட்டுவிட்டுப் போனார்.

இந்த வழியில் கற்பதில் ஒரு கோணலும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கலை வரலாற்றுப் புத்தகம் எப்போதும் முடிந்துபோன காலத்தில் பேசும்: பிறந்தார், தீட்டினார், மறைந்தார். அதற்கென்று இத்தாலியத்தில் தனி இறந்தகாலம் இருக்கிறது. வடக்கத்தி இத்தாலியர்கள் வாய்ப்பேச்சில் அதை அனேகமாகத் தொடுவதே இல்லை. எனக்கோ அதுதான் சரளம். நாளைக்கே மிலான் ஸ்டேஷனில் இறங்கினால் ஸ்தல புராணம் வாசிக்கிற குரலில்தான் டீ கேட்பேன்.

நம்மிடம் வந்து தமிழ் கற்ற இத்தாலியர்களும், புத்தகமொழி வேறு பேச்சுமொழி வேறு என்ற இந்தச் சிக்கலைப் பார்த்திருக்கிறார்கள். மாந்துவாவுக்குப் பக்கத்தில் 1680இல் பிறந்த பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர், செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் பேச்சுத்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் லத்தீனில் எழுதினார். பேச்சுத்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள், அவர் எதிர்த்து எழுதிய லுத்தரன் சபைக்காரர்களே. சண்டை ஒரு பக்கம் இருக்க, புத்தகம் அவர்களுக்கும் தேவைப்பட்டது.

பெஸ்கிக்குத் தமிழ் சொல்லித் தந்தவர் சுப்ரதீபக் கவிராயர் என்பது வழிவழி வரும் செய்தி. இந்தக் கவிராயர் யாரைப் பாடியவர் தெரியுமா? நம் நிலக்கோட்டைப் பாளையக்காரர் கூளப்ப நாயக்கரை. அதுவும் விறலிவிடு தூது. தாசி வீட்டில் சொத்தைத் தொலைத்துவிட்டு மனைவிக்குச் சமாதானத் தூது விடும் வகை. அப்படிப்பட்ட கவிராயரிடம் ஒரு துறவி பாடம் கேட்டிருந்தால் அந்தத் திண்ணையில் என்னென்ன பேச்சு நடந்திருக்கும்! பெஸ்கி பாடிய தேம்பாவணியின் 3615 பாடல்களில் யூதேயா நாடு வயலும் வாய்க்காலுமாகச் செழித்துக் கிடப்பதைப் பார்த்தால், அவர் தமிழைப் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை, கண்ணாலும் கற்றார் என்றே எனக்குப் படுகிறது. சூசையப்பருக்கு அந்தக் காப்பியத்தில் வளன் என்று பேர். அந்தப் பேரைத்தான் 1866இல் தொடங்கி 1872இல் முடித்த எங்கள் ஊர்ப் புனித வளனார் கோயில், 2003இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமான பிறகு பேராலயம், இன்றும் தாங்கி நிற்கிறது.

பெஸ்கி வந்தது மதம் பரப்ப. அவருக்கு நூறாண்டு முன்னால் இன்னொரு இத்தாலியரான நொபிலி மதுரைக்கு வந்ததும் அதற்கே. நொபிலி வந்தது 1606. எங்கள் ஊர் மலைக்கோட்டையில் நாயக்கர்கள் கல் ஏற்றத் தொடங்கியது அதற்கு முந்தைய வருஷம் என்பார்கள். சிஸ்டரோடு கோட்டைப் படி ஏறியபோது இதைச் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "நோக்கத்தோட வந்தவங்கதான் சார் ரெண்டு பேரும். ஆனா அகராதிக்கு என்ன நோக்கம் இருக்கு?" என்றார். சரியான கேள்வி. பெஸ்கி 1732இல் முடித்த சதுரகராதியைப் புரட்டுகிறவர் அவருடைய விசுவாசத்தை ஏற்கத் தேவையில்லை; அவர் எழுதிய பரமார்த்த குரு கதையில் சீடர்களைப் பார்த்துச் சிரிக்கிற குழந்தைக்கு, எழுதியவர் பாதிரியார் என்பதே தெரியாது. கற்கப் போன காரணம் கரைந்துபோய், கற்றது மிஞ்சியிருக்கிறது.

தேவை என்று ஒன்று இல்லாமலே கற்றதற்கு இப்போதைய சான்று வேண்டுமென்றால் ஜும்பா லாஹிரி. வங்காளிப் பெற்றோருக்குப் பிறந்து, ஆங்கிலத்தில் எழுதிப் பேர் வாங்கியவர். இத்தாலிய மாளிகைகள் பழைய ஆங்கில நாடகங்களில் இடம்பெற்ற விதம் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வே செய்தார். 1994இல் ஃப்ளாரன்ஸைப் பார்த்தார், மொழி பிடித்துக்கொண்டது. 2012இல் குடும்பத்தோடு ரோமுக்கே குடிபோய், 2015இல் இத்தாலியத்திலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். அவரையும் 'எதற்கு' என்றுதான் கேட்டார்கள். குடும்பத்து மொழியும் இல்லை, பிழைப்பு மொழியும் இல்லை என்பதுதான் அவர் அதில் கண்ட சுகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அளவு துணிச்சல் எனக்குக் கிடையாது. பி.எஃப். பணம் வர இன்னும் சில வருஷம் இருக்கிறது.

தேவைக்காகப் படிக்கிறவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் நர்ஸிங் முடித்த பெண் ஒருத்தி ஜெர்மன் படிக்கிறாள். பி1 தேர்வு தேறினால் அங்கே ஆஸ்பத்திரி வேலை, அப்பாவின் கடன் அடையும். அவள் பாடத்தில் ஊசி, மாத்திரை, "எங்கே வலிக்கிறது?" எல்லாம் வருகிறது. அவள் கேட்கிற கேள்விக்கும் விடை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரு கிழவனுக்கு வலி தீராது. சிஸ்டருக்கும் இவளுக்கும் அந்த வகையில் ஒரே பள்ளிக்கூடம்தான்.

போன சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். என் கையில் நோட்டு, அவள் கையில் நோட்டு.

"அங்கிள், உங்க கோர்ஸ் முடிஞ்சதும் இத்தாலி போறீங்களா?"

"இல்லம்மா. தாடிக்கொம்பு போறேன்."