மணியை அடித்தவனுக்குத் தண்டனையா?

2017ஆம் ஆண்டு அக்டோபரில், மலேசியக் கைப்பேசிச் சந்தாதாரர்களின் 4 கோடியே 62 லட்சம் பதிவுகள், பெயரும் முகவரியும் அடையாள அட்டை எண்ணுமாகக் களவுபோய்க் கைமாறுகின்றன என்ற செய்தி வெளியாயிற்று. ஜனத்தொகையையே விஞ்சிய அக்கணக்கில், கேமரன் மலையின் ஹாபுவிலும் சுங்கை பாலாஸிலும் கொழுந்து பறிப்போர் மட்டும் தப்பியிருப்பர் என்று நம்ப நியாயமில்லை. தம் விவரமும் போயிற்றா என்று அவரவர் அறிந்துகொள்ளக் கணினிப் பாதுகாப்பில் தேர்ந்த ஒருவர் ‘சாயா கெனா ஹேக்’ என்ற தளத்தை அமைக்க, அடுத்த மாதமே தொடர்பு, பல்லூடக ஆணையம் அதனை முடக்கியது.

தீங்கு நாடாது குறையைக் கண்டுரைப்பவனைத் திருடனோடு ஒரே கூண்டில் நிறுத்துவது அதர்மம் என்பதே எமது துணிபு. 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அனுமதியில்லை என்றறிந்தே கணினிக்குள் நுழைய முற்படுவோனுக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. வஞ்சக நோக்கம் இருப்பின் 4ஆம் பிரிவு தண்டனையைக் கூட்டுகிறது. நன்னோக்கத்துக்கு அடைக்கலம் தரும் பிரிவைத்தான் காணோம்.

நம் முன்னோர் நீதி இவ்வாறன்று. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைத்த வள்ளுவர், பகையின் போக்கை முன்னறியும் பொருட்டு ஒற்றாடலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். மனுநீதிச் சோழன் வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்த பசுவை, அத்துமீறி நுழைந்ததென்று எவரும் பட்டியில் அடைக்கவில்லை. ஆராயாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியனும், பிழையை எடுத்துரைத்த கண்ணகியைச் சிறையிலிடாமல், தன் உயிரையே விட்டான். நம் காலத்திலும், தமிழகத்து லக்ஷ்மண் முத்தையா 2015இல் எவருடைய படத்தொகுப்பையும் அழிக்கவல்ல வழுவொன்றை முகநூலில் கண்டு அந்நிறுவனத்துக்கே தெரிவிக்க, அது 12,500 டாலர் வெகுமதி அளித்தது.

களவுபோன பதிவுகளையே ‘சாயா கெனா ஹேக்’ தளமும் கையாண்டது என்ற ஆட்சேபம் பொய்யன்று. பிறர் அந்தரங்கம் விளையாட்டுப் பொருளுமன்று. ஆயினும் அச்சத்தால் மௌனம் சாதிக்கும் அறிஞரால் பிரஜைகளுக்கு என்ன க்ஷேமம்?

கொப்புள நோய் கண்ட இலையைப் புரட்டிக் காட்டாமல் தேயிலைக்கு மருந்தடிக்கப் பழக்குவாருண்டோ? அதுபோலவே, தானா ராத்தா தமிழ்ப்பள்ளியில் பயின்று பல்கலைக்கழகம் புகும் தோட்டத்துப் பிள்ளைக்குக் கணினித் தாக்குதலின் வழியையும், உரியவர் இசைவு பெறும் முறையையும், கண்ட குறையை முதலில் அவரிடமே அறிவிக்கும் கடமையையும் ஒருங்கே கற்பியுங்கள், ஆசிரியப் பெருமக்களே. இம்முறை வழுவாது நடப்போரைக் காக்கும் ஒரு பிரிவைச் சட்டத்தில் சேர்ப்பது பாராளுமன்றத்தின் கடன்.