அறுத்தவள்

சுவாமிமலையில் உற்சவ அம்மனைக் கூடில்லாமல் கெட்டியாகத்தான் வார்ப்பார்கள். மெழுகு உருவின்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஊற்றிய வழியில் உறைந்து நிற்கும் தண்டைப் பிறகு அறுத்தெடுக்க வேண்டும். அறுத்த முகத்தில் விளிம்பிலும் நடுவிலும் ஒரே உலோகம். சிலையையே துண்டுபோட்டாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது ‘பின்னம்’, பூஜைக்கு ஆகாது. விரல்நுனி போனால் சரிசெய்துகொள்ளலாம். தலை போனால் விலக்குகிறது ஆகமம்.

எங்கள் தஞ்சைப் பக்கம் அறுப்பு என்றால் நெல். அந்த அறுப்புக்குப் போகிறவளையே, புருஷன் செத்த மறுவாரம் ‘அறுதலி’ என்று ஏசுகிறோம். அறுந்தது கயிறுதானே? சிலை பின்னமாவதற்காவது தலை போக வேண்டியிருக்கிறது.

கண்டராதித்தர் இறந்தபின் பல்லாண்டு வாழ்ந்த செம்பியன் மாதேவி, கோனேரிராஜபுரம் கோயிலை அவர் பெயரால் கற்றளியாக எழுப்பினார். வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடம் 1929இல் வாங்கிய செப்புத் திருமேனி ஒன்றை, பார்வதியாக வார்க்கப்பட்ட அவர் உருவம் என்றே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கைம்பெண்ணை அம்மனாக வார்க்க அன்று கை கூசவில்லை. (அரசி என்பதால் தப்பித்தாரோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.)

என் பெரியம்மா நாற்பது அறுப்பு கண்டவள். கல்யாண வீட்டில் மட்டும், தாலி கட்டி முடிகிறவரை, அடுக்களைக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள்.