நம்பிக்கையை ஆராய்பவர் நிற்கும் இடம்

ஒரு தெய்வத்தை ஏற்காதவர் அந்தத் தெய்வத்தை வழிபடுபவரின் மனத்தைப் புரிந்துகொண்டு எழுத முடியுமா என்ற கேள்வியைச் சமயம் பற்றிய பண்புசார் ஆய்வு இன்றுவரை தீர்த்துக்கொள்ளவில்லை. எண்களை வைத்து ஆராய்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. வாரத்துக்கு எத்தனை பேர் தேவாலயம் போகிறார்கள் என்று கணக்கெடுக்க, கடவுள் இருக்கிறாரா என்று யோசிக்க வேண்டியதில்லை. பண்புசார் ஆய்வாளரோ மாதக்கணக்கில் ஓரிடத்தில் தங்கி, மக்களோடு உண்டு, சடங்குகளில் உடனிருந்து, நீண்ட நேர்காணல்கள் எடுத்து, வழிபடுபவருக்கு அந்த வழிபாடு என்னவாக இருக்கிறது என்று சொல்ல முயல்கிறார். அவருடைய கருவி அவரேதான். கருவிக்கே ஒரு நம்பிக்கையோ நம்பிக்கையின்மையோ இருக்கும்போது, அது காட்டும் அளவை எப்படி எடுத்துக்கொள்வது?

ஜெர்மானியர் இருவர் இதற்கு எதிரெதிர் விடைகளைத் தந்தார்கள். இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1917இல் புனிதம் பற்றி வெளியிட்ட நூலில், ஆழ்ந்த சமய அனுபவம் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவர இயலாத வாசகர் மேற்கொண்டு படிக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டார். சமூகவியலாளர் மாக்ஸ் வேபரோ, சமய விஷயத்தில் தமக்கு இசைச்செவி இல்லை என்று ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டவர். இருந்தும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவம், சீனச் சமயங்கள், இந்து மதம், பௌத்தம், பண்டைய யூதம் என்று விரிவாக எழுதினார். ஓட்டோவின் நிபந்தனையில் ஓர் இடறல் உண்டு. லூத்தரன் தேவாலயத்தில் ஒருவருக்குக் கிடைத்த அனுபவம், ஆப்பிரிக்கக் கிராமமொன்றின் ஆரூடத்தைப் புரிந்துகொள்ள அவருக்குத் தகுதி தருமா? தரும் என்றால் எல்லாச் சமய அனுபவமும் அடியில் ஒன்றே என்று ஆய்வுக்கு முன்பே முடிவு கட்டியாகிவிட்டது.

இவ்விருவருக்கும் நடுவே பாடநூல்கள் பரிந்துரைக்கும் வழி, தீர்ப்பை ஒத்திவைப்பது. தத்துவவாதி எட்முண்ட் ஹுசேர்லின் 1913ஆம் ஆண்டு நூலிலிருந்து இந்த முறை சமய ஆய்வுக்குள் வந்தது: பொருள் உண்மையில் இருக்கிறதா என்ற கேள்வியை விலக்கி வைத்துவிட்டு, அது ஒருவருக்கு எப்படித் தோன்றுகிறது என்பதை மட்டும் பார்ப்பது. பிற்காலத்தில் நினியன் ஸ்மார்ட் இதை முறையியல் அறியொணாவாதம் என்ற வடிவில் வலியுறுத்தினார். பீட்டர் பெர்கர் 1967இல் முறையியல் நாத்திகம் என்ற பெயரை முன்வைத்தார். இரண்டையும் ஒன்றெனக் கருதுவது தவறு. ஸ்மார்ட்டின் ஆய்வாளர் தெய்வத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. பெர்கரின் ஆய்வாளர், மனிதக் காரணங்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதுபோல விளக்கம் எழுதுகிறார். முன்னது மௌனம், பின்னது, தற்காலிகமாக என்றாலும், ஒரு தீர்ப்பு.

ஒத்திவைப்பு எவ்வளவு கடினம் என்பது ஆய்வைத் திட்டமிடும்போதே தெரிந்துவிடும். இந்த மக்கள் ஏன் சூனியத்தை நம்புகிறார்கள் என்று ஆய்வு முன்மொழிவில் எழுதியவர் பாதித் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். கிருமிகளை ஏன் நம்புகிறார்கள் என்று அதே ஊரில் அவர் கேட்கமாட்டார். தவறு என்று முன்பே கருதப்பட்ட நம்பிக்கைதான் 'ஏன்' என்ற கேள்விக்கு ஆளாகிறது.

தென் சூடானின் அசாண்டே மக்களிடையே 1920களில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் இவான்ஸ்-பிரிட்சர்ட் இந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டார். 1937இல் வெளியான அவருடைய நூல் அம்மக்கள் எப்படித் தர்க்கம் செய்கிறார்கள் என்று கேட்டது. அதில் வரும் தானியக் குதிர் உதாரணம் புகழ்பெற்றது. நிழலுக்காகக் குதிரின் கீழ் மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குதிர் சரிந்து அவர்களைக் காயப்படுத்துகிறது. கால்களைக் கரையான் அரித்தது அசாண்டே மக்களுக்கும் தெரியும். ஆனால் சரியாக அந்த நேரத்தில், அந்த ஆட்கள் கீழே இருக்கும்போது ஏன் சரிந்தது? கரையான் இதற்கு விடையாகாது, சூனியம் விடையாகிறது. அவர்களுடைய நஞ்சு ஆரூடத்தில் கோழிக்குஞ்சுக்கு நஞ்சு புகட்டிக் கேள்வி கேட்பார்கள்; குஞ்சு சாவதும் பிழைப்பதும் விடை. இவான்ஸ்-பிரிட்சர்ட் அங்கிருந்தபோது தம் வீட்டு விவகாரங்களையும் இந்த ஆரூடத்தின்படியே நடத்தியதாகவும், வேறெந்த வழிக்கும் அது குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் எழுதினார். அதே நூலில், அசாண்டே கருதும் வகையில் சூனியக்காரர்கள் இருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் தத்துவவாதி பீட்டர் வின்ச்சை உறுத்தியது. 1964இல் எழுதிய கட்டுரையில் அவர், ஆரூடத்தை அறிவியல் கருதுகோளைப் போலச் சோதித்துப் பார்ப்பதே பிசகு என்று வாதிட்டார். அசாண்டே கருத்துப்படி சூனியம் தந்தை வழியாக மகன்களுக்கு உடலில் இறங்குகிறது. அப்படியானால் ஒருவர் சூனியக்காரர் என்று உறுதியானதும் அந்தக் குலமே சூனியக்குலம் ஆக வேண்டும். அசாண்டே மக்கள் அந்த முடிவுக்குப் போவதில்லை. போகாதது அவர்களை உறுத்துவதும் இல்லை. முரண்பாட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும் ஐரோப்பியர்தான் அங்கே பொருந்தாத விளையாட்டை ஆடுகிறார் என்பது வின்ச்சின் முடிவு.

வின்ச்சின் வாதம் வலுவானது. ஆனால் ஒரு முக்கியமான ஆளைக் கவனிக்கவில்லை. ஆரூடம் ஒருவரைச் சுட்டியதும், செத்த கோழியின் சிறகு அவரிடம் கொண்டுபோகப்படுகிறது. அவர் வாயில் நீர் எடுத்து அதன்மேல் ஊதித் தம் சூனியம் தணியட்டும் என்று சொல்ல வேண்டும். அந்த ஆளுக்கு அந்த வேளையில் ஆரூடம் எப்படித் தோன்றுகிறது? உள்ளிருந்து புரிந்துகொள்வது என்றால் யாருடைய உள்? தத்துவக் கேள்வியாகத் தெரியும் இது, ஆய்வுத் திட்டத்தில் யாரை நேர்காண்பது என்ற சாதாரணத் தேர்வாக வந்து நிற்கிறது. பூசாரியும் குறிசொல்பவரும் எளிதில் கிடைப்பார்கள், நன்றாகவும் பேசுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள், ஓசையில்லாமல் விலகிப்போனவர்கள் கிடைப்பது அரிது. புதிய நேர்காணல்கள் புதிதாக எதுவும் தராதபோது தரவு நிறைவடைந்தது என்று கொள்ளலாம் என கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் வகுத்த அளவுகோல் இன்று ஏராளமான ஆய்வேடுகளில் எடுத்தாளப்படுகிறது. ஒரே வட்டத்துக்குள் சுற்றிவந்தால் அந்த நிறைவு விரைவிலேயே வந்துவிடும் என்பதை அந்த ஆய்வேடுகளில் பல சொல்வதில்லை.

களத்தில் இறங்கிய பின் ஒத்திவைப்புக்கு வரும் சோதனையை மிகத் தெளிவாகக் காட்டியவர் பிரெஞ்சு மானிடவியலாளர் ழான் ஃபாவ்ரே-சாதா. அவர் 1969இல் மேற்குப் பிரான்சின் மயென் பகுதிக்குப் பில்லிசூனியத்தை ஆராயப் போனார். அதெல்லாம் பழைய காலத்துக் கதை, பக்கத்து ஊர்ப் பேதைகள் நம்புவது என்றே எல்லோரும் சொன்னார்கள். நாட்டார் வழக்காற்றியலாளர்கள் அதுவரை சேகரித்திருந்ததும் பெரும்பாலும் இந்தப் பேச்சைத்தான். அங்கே சூனியம் என்பது பேச்சால் நடக்கும் போர். அதைப் பற்றிச் சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்பவர் என்று ஒருவர் இருக்கவே முடியாது. கேட்பவர் ஒன்று சூனியத்தில் சிக்கியவர், அல்லது அதை எடுப்பவர், அல்லது வைப்பவர். ஃபாவ்ரே-சாதாவே சிக்கிவிட்டார் என்று ஊரார் கருதத் தொடங்கிய பிறகுதான் அவரிடம் வாய் திறந்தார்கள். சூனியம் எடுக்கும் பெண் ஒருவரிடம் அவரும் போய் உட்கார்ந்தார். 1977இல் வெளிவந்த அவருடைய நூல், நடுநிலை என்ற இருக்கை அந்தக் களத்தில் போடப்படவே இல்லை என்று காட்டியது. நம்பினாரா இல்லையா என்ற கேள்விக்கு அந்த நூலில் நேரான விடை இல்லை. அச்சம் தமக்கும் வந்தது என்று மட்டும் மறைக்காமல் சொல்கிறார்.

மறைந்திருந்து பார்ப்பதும் தப்பிக்கும் வழியல்ல. 1954 டிசம்பர் 21இல் பெருவெள்ளம் வரும் என்று எதிர்பார்த்த ஒரு சிறு அமெரிக்கக் குழுவில், உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் உடன் ஆய்வாளர்களும் நோக்கர்களை அடையாளம் சொல்லாமல் சேர்த்தார்கள். உள்ளே நுழைவதற்காக நோக்கர்கள் இட்டுக்கட்டிச் சொன்ன ஆன்மிக அனுபவங்களையே குழுவினர் மேலுலகிலிருந்து வந்த சான்றாக எடுத்துக்கொண்டார்கள். சில கூட்டங்களில் வந்திருந்தோரில் கணிசமானோர் ஆய்வாளரின் ஆட்கள். நம்பிக்கை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று அளக்க வந்தவர்களே அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 1956இல் வெளியான நூலின் பின்னிணைப்பில் ஆசிரியர்கள் இதை ஒளிக்கவில்லை. ஆனால் நூலை எடுத்தாளும் பலர் பின்னிணைப்புவரை போவதில்லை.

எழுதும் கட்டத்தில் ஒத்திவைப்பு முற்றிலும் கைநழுவுகிறது, ஏனென்றால் விளக்கம் தராத கட்டுரையை ஆய்விதழின் மதிப்பாய்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார். இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1981இல் வெளியிட்ட நூல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழரும் சிங்களரும் வந்து கூடும் கதிர்காமத்தில், சடைமுடியோடு அருள் வந்து ஆடும் பெண் துறவிகளைப் பற்றியது அது. அந்தப் பெண்களுக்குச் சடை தெய்வம் தந்த கொடை. ஒபயசேகரவோ ஃபிராய்டின் வழியில், குடும்பத் துயரமும் அடக்கப்பட்ட பாலுணர்வும் அதில் உருமாறி நிற்பதாகப் படித்தார். வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித் முன்னதாக 1959இல் ஒரு கடும் சோதனையை வைத்திருந்தார்: ஒரு சமயத்தைப் பற்றிய கூற்றை அச்சமயத்தவர் ஏற்க முடியாவிட்டால் அது செல்லாது. அந்த அளவுகோலில் ஒபயசேகரவின் நூல் தேறாது. ஆனால் அதே அளவுகோலின்படி, பக்தர்கள் தங்களைப் பற்றித் தாங்களே அறியாத எதையும் எவரும் எழுத முடியாது; ஆய்வு என்பது கேட்டு எழுதுவதோடு நின்றுவிடும். ஒபயசேகரவின் நூலைக் காப்பாற்றுவது ஃபிராய்டு அல்ல. ஆடும் பெண்ணின் சடையைக் கண்டதும் தமக்குள் எழுந்த கலக்கத்திலிருந்துதான் கிரேக்கத் தொன்மத்தில் பாம்புகளைத் தலைமுடியாகக் கொண்ட மெடூசா என்ற எண்ணமே பிறந்தது என்று அவர் வெளிப்படையாக எழுதினார். விளக்கம் யாருடைய மனத்திலிருந்து கிளம்பியது என்று வாசகருக்குத் தெரிகிறது. ஏற்பதும் தள்ளுவதும் அவர் பாடு.

எதிர்த்திசையில் போனவர் ஈடித் டர்னர். கணவர் விக்டர் டர்னருடன் 1950களில் சாம்பியாவின் என்டெம்பு மக்களிடையே பணியாற்றியவர். நோயாளியின் உடலில் புகுந்த மூதாதையின் பல்லை வெளியேற்றும் சடங்கை விக்டர், ஊருக்குள் மூண்ட சச்சரவுகளைத் தீர்க்கும் ஏற்பாடாக விளக்கியிருந்தார். 1985இல் ஈடித் மீண்டும் அங்கே போய் அதே சடங்கில் கலந்துகொண்டபோது, நோயாளியின் முதுகிலிருந்து சாம்பல் நிறத் திரள் ஒன்று வெளிவருவதைக் கண்ணால் கண்டதாக 1992இல் எழுதினார். ஆவிகள் உண்டு என்று மானிடவியல் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. கண்டதை எழுதியது சரி. அதிலிருந்து எல்லோருக்குமான முடிவுக்குத் தாவியதுதான் தளர்வான இடம். ஒருவர் கண்டார் என்பதால் வாசகர் கண்டவர் ஆகிவிடமாட்டார். இவான்ஸ்-பிரிட்சர்டும் ஓர் இரவில் தம் பணியாளர்களின் குடில்களுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் நகர்ந்துபோவதைக் கண்டார். மறுநாள் காலை பக்கத்தில் ஒருவர் இறந்தார். சூனியம்தான் அப்படி ஒளியாகப் போகும் என்றார்கள் அசாண்டே மக்கள். யாரோ புல்லைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம் என்று எழுதிவிட்டு, மூலத்தைத் தாம் கண்டுபிடிக்கவே இல்லை என்பதையும் அவர் சேர்த்தார். தம் கொள்கைக்கு உதவாத அந்தச் சம்பவத்தை அச்சுக்குப் போகும் நூலிலிருந்து அவர் நீக்கவில்லை என்பது, கொள்கையைவிட மதிப்புள்ள செயல்.

வெளியீட்டுக்கு முன் இன்னொரு கணக்கும் தீர்க்கப்பட வேண்டும்: ஒப்புதல். அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டு பெல்மான்ட் அறிக்கைக்குப் பின் பரவிய அறநெறி விதிகள், தெளிவான அறிவோடு கையெழுத்திடும் தனிமனிதர் ஒருவரை எதிர்பார்க்கின்றன. அருள் வந்து ஆடுபவரிடம் இந்த எதிர்பார்ப்பு தடுமாறுகிறது. அருள் இறங்கியபின் என்ன சொன்னேன் என்று தெரியாது என்பது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சாமியாடிகள் வழக்கமாகச் சொல்வது. படிவத்தில் கையெழுத்திட்டவர் ஒருவர். அவர்களுடைய கணக்கின்படி, ஒலிப்பதிவில் பேசியது வேறொருவர். பதிவை மறுநாள் அவருக்கே போட்டுக்காட்டி மறுபடி அனுமதி கேட்கும் ஆய்வாளர்கள், மனிதரை மதிக்கும் அதே வேளையில் தெய்வத்தின் வாக்கை மனிதரின் உடைமையாக்கிவிடுகிறார்கள். அருள் இறங்கியிருக்கும்போதே தெய்வத்திடம் அனுமதி கேட்பவர், பல்கலைக்கழகக் குழுவுக்குக் காட்ட முடியாத ஓர் ஒப்புதலைப் பெறுகிறார். இரண்டையும் செய்து, இரண்டையும் அறிக்கையில் பதிவதுதான் இருப்பதில் குறைந்த சேதம் தரும் வழி. அப்போதும், எழுத்துப்படியில் பேசியவர் பெயருக்கான இடத்தில் சாமியாடியின் புனைபெயரைப் போடுவதா, தெய்வத்தின் பெயரைப் போடுவதா என்பதை ஆய்வாளர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும்.